சிறுவர்களுக்கான சுன்னத் அறுவை முறைகள்: ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண் குழந்தையின் முன்தோல் நீக்க அறுவைக்காக மருத்துவரைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, தையல் போடுவீர்களா, ரிங் வைப்பீர்களா என்பதைத்தான். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை சொல்வதற்கு முன் குழந்தையின் வயது, எடை, உறுப்பின் அமைப்பு, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்பவை தெரிந்தாக வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

எந்த முறையானாலும் அது மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். எவ்வளவு தோலை எடுப்பது என்று சரியாக அளக்க வேண்டும். முன்தோலுக்குள் இருக்கும் உறுப்பின் நுனியான மொட்டின் மீது கத்தி படாமல் காக்க வேண்டும். இரத்தத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒன்றை மிக நன்றாகச் செய்து, இன்னொன்றில் சற்றுக் கோட்டை விடுகிறது. ஆகவே எது சிறந்த முறை என்று கேட்பதைவிட, இந்த முறையில் எது தவறக்கூடும், இந்த வயதில் அதைத் தடுக்க முடியுமா என்று கேட்பதே பெற்றோருக்குப் பயன் தரும்.

முதல் படி: அறுவை தேவைதானா என்று உறுதி செய்தல்

சுன்னத், கத்னா, மார்க்கக் கல்யாணம் என்று பல பெயர்களில் இஸ்லாமியக் குடும்பங்கள் செய்யும் முன்தோல் நீக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே முடிவு செய்ய வேண்டியது எப்போது, எங்கே, யாரிடம் என்பது மட்டுமே. மருத்துவக் காரணத்துக்காகப் பரிந்துரைக்கப்படும் குழந்தைகளின் நிலை வேறு.

பிறக்கும்போது ஏறத்தாழ எல்லா ஆண் குழந்தைகளுக்கும் முன்தோல் மொட்டோடு ஒட்டியே இருக்கும். அது நோயன்று, வளர வளரத் தானாகவே பிரிந்து பின்னோக்கி நகரத் தொடங்கும். டென்மார்க்கின் பள்ளிச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1968-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 6, 7 வயதினரில் சுமார் 8 சதவீதத்தினருக்கு இருந்த முன்தோல் குறுக்கம், 16, 17 வயதினரில் 1 சதவீதமாகக் குறைந்திருந்தது. எனவே மூன்று வயதுப் பையனுக்குத் தோல் பின்னே வரவில்லை என்பதோ, சிறுநீர் கழிக்கும்போது நுனி சற்று உப்புகிறது என்பதோ அதனளவில் அறுவைக்குப் போதுமான காரணம் ஆகாது. குளிப்பாட்டும்போது தோலை வலுவில் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் ஏற்படும் நுண்ணிய கிழிசல்கள் ஆறி வடுவாகும்போதுதான், இல்லாத குறுக்கம் உண்மையான குறுக்கமாக மாறுகிறது.

உதவி தேவைப்படும் குறுக்கத்துக்கும் முதலில் களிம்பே தரப்படும். 0.05 அல்லது 0.1 சதவீத பீட்டாமெத்தசோன் களிம்பை நாளுக்கு இருமுறை, நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை நுனித்தோலில் தடவினால் பெரும்பாலான சிறுவர்களுக்குத் தோல் இளகிவிடுகிறது. அதற்கும் இளகாமல் நுனி வெளுத்து, தடித்து, வளையம்போல் இறுகியிருந்தால் அது லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்னும் தோல்நோயாக இருக்கலாம். அறுவையைத் தள்ளிப்போடக் கூடாத காரணங்களில் அதுவே முதன்மையானது. அடிக்கடி நுனி வீங்கிச் சீழ் பிடிப்பதும், சிறுநீர்ப் பாதையில் பிறவிக் குறை உள்ள குழந்தைக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வருவதும் அடுத்த காரணங்கள்.

இரண்டாம் படி: யாருக்குச் செய்யக் கூடாது என்று பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப்போன அறுவைகளில்தான் பின்னர் திருத்த முடியாத சிக்கல்கள் வருகின்றன. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் திறந்திருக்கும் ஹைப்போஸ்பேடியஸ் என்ற பிறவிக் குறையில், அந்தத் துவாரத்தைப் பின்னர் நுனிக்குக் கொண்டுவரத் தேவையான தோல் முன்தோலிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டால் மருத்துவர் வேறிடத்துத் தோலைத் தேட வேண்டியிருக்கும். உறுப்பு வளைந்திருந்தாலும், முன்தோல் மேற்புறம் மட்டும் குல்லாபோல் இருந்து கீழ்ப்புறம் இல்லாமலிருந்தாலும் சாதாரண சுன்னத் செய்யக் கூடாது. ‘பாதி சுன்னத் ஆகியே பிறந்திருக்கிறான்’ என்று வீட்டில் மகிழ்ச்சியோடு சொல்லப்படும் குழந்தைகளில் பலருக்கு இருப்பது இந்தக் குறையே. அவர்களைக் குழந்தைகள் அறுவை மருத்துவர் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

கொழுகொழுவென்ற குழந்தைகளுக்கு உறுப்பு அடிவயிற்றுக் கொழுப்பில் புதைந்திருப்பதுண்டு. வெளியே தெரிவதெல்லாம் முன்தோல்தான் என்று எண்ணி அதை வழக்கமான அளவுக்கு வெட்டிவிட்டால், மொட்டுக்குப் பின்னுள்ள தண்டின் தோலும் சேர்ந்து போய்விடும். மொட்டு உள்ளே இழுத்துக்கொள்ள, மேலே வடு மூடிக்கொள்ளும். விரலால் சுற்றியுள்ள கொழுப்பை அழுத்திப் பார்த்து உறுப்பின் உண்மையான நீளத்தை மருத்துவர் அளக்கிறாரா என்று கவனியுங்கள்.

அடுத்தது இரத்தப்போக்கு. இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா தாய்வழியாக வரும் நோய் என்பதால், தாய்மாமன், தாயின் சகோதரி மகன்கள் ஆகியோரைப் பற்றி விசாரிப்பது எந்த இரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் வர வேண்டும். ‘அவன் மாமனுக்குப் பல் பிடுங்கினப்போ ரெண்டு நாளா ரத்தம் நிக்கவே இல்லை’ என்று பாட்டி சொல்லும் ஒரு வரி, நீண்ட ஆய்வக அறிக்கையைவிடப் பயனுள்ளதாக இருக்கலாம். யூத மரபின் தால்முத் நூல், செப்போரிஸ் ஊரைச் சேர்ந்த சகோதரிகள் மூவரின் மகன்கள் இந்த அறுவையால் இறந்தபின், நான்காம் சகோதரியின் மகனுக்குச் செய்ய வேண்டாம் என்று ரபி (யூத மதகுரு) தடுத்ததைப் பதிவு செய்திருக்கிறது. மரபணு என்ற கருத்தே இல்லாத காலத்தில் கவனித்துக் கண்டறியப்பட்ட விதி அது. நம் மருத்துவமனைகளில் வழக்கமாக எழுதித் தரப்படும் பிடி (கசிவு நிற்கும் நேரம்), சிடி (இரத்தம் உறையும் நேரம்) சோதனைகள் இரண்டும் சரியாக இருந்தாலும் ஹீமோஃபிலியா இல்லை என்று உறுதியாகாது. குடும்பத்தில் சந்தேகம் இருந்தால் உறைதலை இன்னும் நுணுக்கமாகக் காட்டும் ஏபிடிடி சோதனையும், தேவைப்பட்டால் இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களின் அளவும் பார்க்கப்பட வேண்டும். பிறந்தவுடன், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்பதையும் பச்சிளங் குழந்தைக்கு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: வயதையும் மயக்கத்தையும் சேர்த்து முடிவு செய்தல்

2010-இல் வெளியான, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மதிப்பீட்டில், பச்சிளங் குழந்தைகளிடம் சிக்கல்களின் இடைநிலை விகிதம் 1.5 சதவீதமாகவும், ஒரு வயதைத் தாண்டிய சிறுவர்களிடம் 6 சதவீதமாகவும் இருந்தது. கடுமையான சிக்கல்கள் இரு பிரிவிலுமே மிக அரிது. இதை வைத்துச் சின்ன வயதே நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த, மஞ்சள் காமாலையோ காய்ச்சலோ உள்ள குழந்தைக்கு அது பொருந்தாது.

முதல் இரண்டு மாதங்களுக்குள் என்றால் இடத்தை மரக்கச் செய்யும் ஊசியே போதும். உறுப்பின் அடியில் மேற்புறத்தில் இரு பக்கமும் போடப்படும் நரம்பு ஊசியோ, சுற்றிலும் போடப்படும் வளைய ஊசியோ வலியை நன்றாகத் தடுக்கும். போட்டபின் மூன்று முதல் ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பதுதான் அவசரத்தில் அடிக்கடி மறக்கப்படுகிறது. எம்லா போன்ற மரக்கச் செய்யும் களிம்பை மட்டும் தடவிச் செய்வது வலியைப் பாதியளவே குறைக்கும். மேலும் அதிலுள்ள பிரிலோகெயின் மிகச் சிறு குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைப் பாதிக்கக்கூடும் என்பதால் அளவு மீறக் கூடாது. நாக்கில் சர்க்கரைக் கரைசல் வைப்பது துணை ஏற்பாடு மட்டுமே.

ஓரிரு மாதங்களைக் கடந்த குழந்தையை விழித்த நிலையில் அசையாமல் வைத்திருப்பது கடினம். ஆகவே முழு மயக்கமும், அதனோடு முதுகின் அடியில் போடப்படும் காடல் ஊசியோ நரம்பு ஊசியோ சேர்த்துத் தரப்படுகிறது. நான்கைந்து பேர் கை கால்களைப் பிடித்துக்கொண்டு செய்யும் பழைய வழக்கத்தை என்னால் எந்த நிலையிலும் ஆதரிக்க முடியவில்லை. துள்ளும் குழந்தையின் மீது எந்தக் கருவியும் பாதுகாப்பானதன்று.

நான்காம் படி: முறைகளை ஒப்பிடுதல்

பிளாஸ்டிபெல் என்ற வளையமுறைதான் கைக்குழந்தைகளுக்கு இன்று பரவலாகச் செய்யப்படுவது. முன்தோலின் மேற்புறத்தை இடுக்கியால் சற்று நேரம் நசுக்கி, இரத்தம் வராத அந்தக் கோட்டில் கீறித் திறப்பார்கள். ஒட்டியிருக்கும் தோலை மொட்டிலிருந்து மெதுவாகப் பிரித்து, வெண்மையான படிவைத் துடைத்து, சிறுநீர்த் துவாரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தபிறகே மேலே செல்வார்கள். பின்னர் மணி வடிவ பிளாஸ்டிக் வளையத்தை மொட்டின் மேல் பொருத்தி, தோலை அதன் மேல் இழுத்து, வளையத்தின் பள்ளத்தில் நூலை இறுக்கிக் கட்டி, நூலுக்கு வெளியே உள்ள தோலை வெட்டி, வளையத்தின் கைப்பிடியை ஒடித்து எடுத்துவிடுவார்கள். நூலுக்கு அப்பாலுள்ள விளிம்பு கறுத்துக் காய்ந்து, ஐந்து முதல் பத்து நாளில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். மொட்டு முழுவதும் வளையத்துக்குள் இருப்பதால் கத்தி படும் வாய்ப்பு மிகக் குறைவு. இரத்தமும் நூலால் நிற்கிறது.

இந்த முறையின் பலவீனம் அளவில் இருக்கிறது. வளையங்கள் 1.1 செ.மீ. முதல் 1.7 செ.மீ. வரை பல அளவுகளில் வருகின்றன. தேவைக்கு மேல் பெரிதாகப் பொருத்தினால் வளையம் மொட்டைத் தாண்டித் தண்டுப் பகுதிக்கு நழுவி அங்கே இறுக்கிக்கொள்ளும். சிறிதாகப் பொருத்தினால் மொட்டை அழுத்திச் சிறுநீர் கழிவதைத் தடுக்கும். நழுவிய வளையத்தை உடனே வெட்டி எடுக்காவிட்டால் அதன் கீழுள்ள தோல் புண்ணாகி அழியும். எந்த அளவு வளையம் வைக்கப்பட்டது என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வயதைத் தாண்டியபின் தோல் தடித்துவிடுவதால் வளையம் உதிரத் தாமதமாகும், வலியும் கூடும். ஓடியாடும் பையனுக்கு இதைப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கோம்கோ கிளாம்ப் என்ற உலோக இறுக்கிக் கருவி 1930-களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உருவானது. மொட்டின் மேல் உலோகமணி பொருத்தி, தோலை அதன் மேல் இழுத்து, தகட்டுக்கும் மணிக்கும் இடையில் திருகால் இறுக்கி, ஏறத்தாழ ஐந்து நிமிடம் நசுக்கி வைத்தபின் கத்தியால் வெட்டுவார்கள். மொட்டுக்குக் காப்பு உண்டு. உடலில் எதையும் விட்டு வைப்பதில்லை. ஆனால் கருவியின் மூன்று நான்கு பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்கள் கலந்துபோனாலோ, தேய்ந்துபோனாலோ தோல் சரியாக நசுங்காமல் இரத்தம் கொட்டும், அல்லது மொட்டு காயப்படும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000-ஆம் ஆண்டில் எச்சரித்தது. மேலும் பெரிய பையன்களில் நசுக்கிய விளிம்பு மட்டும் பிடித்து நிற்காது. விரிந்துவிடும், தையல் போட வேண்டியிருக்கும்.

மோகன் கிளாம்ப், 1950-களில் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ரபி ஹாரி புரோன்ஸ்டைன் வடிவமைத்தது. இரு தட்டையான அலகுகள் மிகக் குறைவாகவே திறப்பதால் தோல் மட்டும் நுழையும், மொட்டு நுழையாது என்பது கணக்கு. வேகத்தில் இதற்கு இணையில்லை. வலி நேரமும் குறைவு. எனினும் வெட்டும் தருணத்தில் மொட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒட்டியிருந்த தோலை முழுமையாகப் பிரிக்காமல் இழுத்திருந்தால், மொட்டின் நுனியும் கூடவே இழுபட்டு அலகுக்குள் வந்துவிடலாம். அரிதாக அப்படி நடந்து அமெரிக்க நீதிமன்றங்கள் பெருந்தொகை இழப்பீடு வழங்கியிருக்கின்றன. இடுக்கியால் தோலை முன்னே இழுத்துப் பிடித்து ஒரே வெட்டில் நறுக்கும் முறையும், எலும்பு வெட்டும் கருவியால் நசுக்கி நறுக்கும் முறையும் இதே குடும்பம்; காப்பு இன்னும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் இடுக்கி முறையைச் சிறுவர்களுக்குப் பரிந்துரைக்காமல், முன்தோலின் மேற்புறத்தைக் கீறித் திறந்து, மொட்டைப் பார்த்தபடி வெட்டும் மேற்கீறல் முறையைச் சொல்வதற்கு இதுவே காரணம். ஒஸ்தா, நாவிதர் என்று மரபாகச் செய்துவந்தவர்களின் கைத்திறன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முறை இந்தக் கண்காணா வெட்டைச் சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஸ்லீவ் முறை எனப்படும் இரு வட்டக் கீறல் அறுவைதான், ஒரு வயதைக் கடந்த சிறுவர்களுக்கு என் கணிப்பில் முதலிடம் பெறுவது. தோல் இயல்பாக இருக்கும் நிலையில் மொட்டின் விளிம்பு எங்கே புடைத்துத் தெரிகிறதோ அங்கே வெளிக்கோடு மையால் வரையப்படும். தோலைப் பின்னே தள்ளியபின் மொட்டின் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே உள்கோடு. இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தோல்மட்டும் பட்டையாக உரித்து எடுக்கப்படும். எல்லாமே கண்ணெதிரில் நடப்பதால் அளவு தவறுவது குறைவு. ஒவ்வொரு இரத்தக் குழாயும் தனித்தனியாக அடைக்கப்படும். மூன்று வேலைகளில் அளப்பதை இதுபோல் செய்யும் முறை வேறில்லை. இரத்தம் நிறுத்துவதோ முழுக்க முழுக்க மருத்துவரின் கையில். குறிப்பாக அடிப்பக்கத்தில் ஃப்ரெனுலம் என்ற மெல்லிய தோல் இழையில் ஓடும் குழாய் அறுவை முடிந்தபின் மீண்டும் கசியலாம். அங்கே ஆழமாகப் போடப்படும் ஒரு தையல் சிறுநீர்க் குழாயைத் துளைத்துவிட்டால், நாட்கள் கழித்து அடிப்பக்கத்தில் இன்னொரு துளை வழியாகச் சிறுநீர் கசியும். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்தக் குழாய் தோலுக்கு மிக அருகில் இருப்பதே இதற்குக் காரணம். ஆப்பிரிக்க நாடுகளில் எச்ஐவி தடுப்புக்காக நடந்த சுன்னத் திட்டங்களின் குறைந்தபட்ச வயது 2020-இல் 15 ஆக உயர்த்தப்பட்டதற்கு இத்தகைய காயங்களும் ஒரு காரணம். லைக்கன் ஸ்கிளீரோசஸ் உள்ள சிறுவர்களுக்கு, வடுவை முழுவதும் பார்த்து எடுக்கவும், திசுவைச் சோதனைக்கு அனுப்பவும் முடிவதால் இம்முறையே பொருத்தம்.

தோலை இணைக்கத் தானே கரையும் மெல்லிய நூல் பயன்படும். அதற்குப் பதிலாகத் திசுப் பசை ஒட்டும் மருத்துவர்களும் உண்டு. நேரம் குறையும், தையல் போட்ட இடத்தில் துளைத் தடங்கள் விழாது. இரத்தம் முழுமையாக நின்று, தோல் இழுவையின்றிச் சேரும்போது மட்டுமே பசை பிடிக்கும்.

இரத்தம் நிறுத்தும் மின்கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரு முனையும் இடுக்கியின் நுனியிலேயே இருக்கும் பைபோலார் வகையில் மின்சாரம் அந்த இரு நுனிகளுக்கிடையே மட்டும் பாயும். மோனோபோலார் வகையில் மின்சாரம் உறுப்பின் வழியாக உடலுக்குள் சென்று, தொடையிலோ முதுகிலோ ஒட்டிய தகட்டின் வழியே வெளியேறும். குழந்தையின் மெல்லிய உறுப்பின் அடிப்பகுதியில் அது நெருங்கிக் குவிவதால் முழு உறுப்பும் கருகிப்போகலாம். 1966-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு வயதுகூட நிறையாத குழந்தை இப்படி மின்கருவியால் உறுப்பையே இழந்தது. உலோக கிளாம்ப் மாட்டிய நிலையில் எந்த மின்கருவியும் அருகே வரக் கூடாது.

விளம்பரங்களில் அதிகம் தென்படும் லேசர் முறையில் கார்பன் டை ஆக்சைடு லேசர் கத்தியின் வேலையைச் செய்கிறது, அவ்வளவே. அளப்பதும் காப்பதும் அதனால் மேம்படுவதில்லை. இந்தோனேசியாவில் லேசர் என்ற பெயரில் நடப்பவற்றில் பல சூடேற்றிய கம்பியால் வெட்டுவதே. ஆகவே கருவி எது என்று பெயரோடு கேட்க வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டி ஊக்குப் பொருத்தும் ஸ்டேப்ளர் பெரியவர்களுக்காக உருவானது. சில ஊக்குகள் வாரக்கணக்கில் உதிராமல் தோலில் தங்கிவிடும் தொல்லை இருப்பதால் சிறுவர்களுக்கு அவசியமில்லை. சீனாவில் உருவான ஷாங் ரிங், இரு வளையங்களுக்கிடையே தோலைப் பூட்டி, தையலின்றி வெட்டி, ஒரு வாரம் கழித்து மருத்துவரே கழற்றுவது. பழகிய மருத்துவரின் கையில் நல்ல முறை. கழற்றும் நாளன்று பையனின் ஒத்துழைப்பு வேண்டும்.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

‘நீங்கள் வழக்கமாகச் செய்வது எந்த முறை?’ என்பதே முதல் கேள்வி. பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காகப் பழகாத முறையை மருத்துவர் கையிலெடுப்பதைவிட, அவர் நூற்றுக்கணக்கில் செய்த முறையே குழந்தைக்குப் பாதுகாப்பு. அந்த முறை குழந்தையின் வயதுக்குப் பொருந்தாவிட்டால் மருத்துவரை மாற்றலாமே தவிர முறையை மாற்றச் சொல்லக் கூடாது. அடுத்து, மயக்க மருத்துவர் கடைசி வரை உடனிருப்பாரா, மின்கருவி பைபோலார்தானா, இரவில் இரத்தம் கசிந்தால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பெயர் கொடுக்க வேண்டாம். குறிப்பாக ஒரே நாளில் வரிசையாகப் பல சிறுவர்களுக்குச் செய்யும் முகாம்களில், கருவிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிருமி நீக்கப்படுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஆறாம் படி: அறுவை நாளும் அதன் பிறகும்

முழு மயக்கம் என்றால் திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும். தண்ணீருக்கான நேரத்தை மயக்க மருத்துவர் சொல்வார். விவரம் தெரிந்த பையனிடம் ‘ஒன்றும் செய்ய மாட்டார்கள்’ என்று பொய் சொல்லி அழைத்துச் செல்லாதீர்கள். தூங்க வைப்பார்கள், எழும்போது கொஞ்சம் எரியும், மருந்து கொடுத்தால் குறையும் என்று உள்ளபடி சொன்ன குழந்தைகள் அடுத்த கட்டு மாற்றும்போது ஒத்துழைக்கிறார்கள். மாலை விருந்தும் உறவினர் கூட்டமும் சில நாள் தள்ளிப்போனால் பையனுக்கு நிம்மதி.

முதல் இரவில் பார்க்க வேண்டியது இரத்தம். மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 250 மில்லி இரத்தம்தான் இருக்கிறது. ஐந்து தேக்கரண்டி கசிந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். துணியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகக் கறை பரவிக்கொண்டே போனால், சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எட்டு மணி நேரம் ஆகியும் சிறுநீர் கழிக்காவிட்டாலும், மொட்டு நீலம் பாய்ந்தாலும், வளையம் கீழே நகர்ந்ததுபோல் தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமாலை முதல் இரண்டு நாள் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூன்றாம் நாளளவில் மொட்டின் மேல் மஞ்சள் கலந்த வெண்படலம் படியும். அது சீழன்று, ஆறும் புண்ணின் படலம், தேய்த்து எடுக்காதீர்கள். சீழ் என்றால் துர்நாற்றமும், தண்டின் மேல் பரவும் சிவப்பும், காய்ச்சலும் சேர்ந்து வரும். வாஸ்லின் தாராளமாகத் தடவி, தளர்ந்த லுங்கி கட்டிவிட்டால் துணி ஒட்டாது. சாம்பல், மஞ்சள், தேங்காய் எண்ணெய் என எதையும் புண்ணில் இடக் கூடாது. பிளாஸ்டிபெல் வளையத்தை இழுத்துப் பார்க்கவோ நூலை அறுக்கவோ கூடாது. பத்து நாளாகியும் விழாவிட்டால் மருத்துவரே எடுப்பார். தையல் போட்ட சிறுவர்கள் ஒரு வாரத்தில் பள்ளிக்குப் போகலாம். சைக்கிளும் விளையாட்டும் மூன்று வாரம் கழித்து.

நான்கு வாரங்கள் கழித்து மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது, மொட்டுக்கும் தண்டின் தோலுக்கும் இடையே பாலம்போல் தோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஆரம்பத்தில் களிம்பிலேயே பிரிந்துவிடும், விட்டுவிட்டால் வெட்டிப் பிரிக்க வேண்டியிருக்கும். அதன் பிறகும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். மறைப்பில்லாத மொட்டு துணியில் உரசி, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிறுநீர்த் துவாரம் சுருங்கலாம். பையன் சிறுநீர் கழிக்கும்போது தாரை நூல்போல் மெலிந்து மேல்நோக்கிப் பாய்ந்தால், அல்லது கழித்து முடிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டால், அறுவை செய்த மருத்துவரிடமே மீண்டும் காட்ட வேண்டும்.